கேக்டஸ் பூக்க வெயில் மட்டும் போதாது

"நம்ம சேலத்து வெயிலுக்கு கேக்டஸ்தான் தோதான செடி, தண்ணியே ஊத்த வேண்டாம்" என்று சொல்லாத ஆளை எங்கள் பக்கம் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படிச் சொல்கிறவர்கள் வீட்டு மாடியில் வைகாசி மாதம் ஏறிப் பாருங்கள். செடி மேற்குப் பக்கம் வெளுத்து, அடி சுருங்கி, இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாத நிலையில் நிற்கும். பூவைப் பற்றிக் கேட்டால், "இதெல்லாம் பூக்கிற ஜாதி இல்லைங்க" என்பார்கள். எல்லாம் பூக்கிற ஜாதிதான். கேக்டஸ் வெயிலைத் தாங்கும், சரி, ஆனால் தாங்குவது வேறு, வளர்வது வேறு, பூப்பது அதைவிட வேறு. கண்ணங்குறிச்சிப் பக்கம் ஒரு சாதாரண மொட்டை மாடியில் இந்தச் சின்ன முள்ளுருண்டைகளைப் பல வருஷமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு உறைத்த பெரிய விஷயம் ஒன்றே ஒன்று: இவற்றுக்குப் பகலைவிட ராத்திரி முக்கியம்.

இந்த ராத்திரிக் கதையில் நம் தென்னிந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இங்கே வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர், ரணகள்ளி இலையை மென்று பார்த்துவிட்டு, காலையில் புளிக்கிறது, மதியம் சப்பென்று இருக்கிறது, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று ஒரு கடிதம் எழுதினார். 1815-ல் லின்னேயன் சங்கத்தின் இதழில் அது அச்சானது. சிறுநீரகக் கல்லுக்கு என்று வீட்டுக்கு வீடு தொட்டியில் வைத்திருக்கிறோமே, அதே ரணகள்ளி. அந்தப் புளிப்புக்குக் காரணம் பிற்பாடுதான் தெளிவானது. மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்குகின்றன. ரணகள்ளியும் கேக்டஸும் பகலில் துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த ராத்திரியில் திறந்து, கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேமித்து வைக்கின்றன. மறுநாள் வெளிச்சம் வந்ததும், கதவைத் திறக்காமலே அந்த அமிலத்தை வைத்துச் சமையலை முடித்துக்கொள்கின்றன. தண்ணீர் வீணாகாமல் பிழைக்கிற வழி.

ராத்திரியும் புழுங்கினால்? துளைகளைத் திறந்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் போய்விடும், அதனால் செடி திறக்கவே யோசிக்கும். திறக்காவிட்டால் சாப்பாடு கிடையாது. இருக்கிறதை வைத்து மூச்சுப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். சேலத்தில் சித்திரை, வைகாசியில் பகல் 38, 40 டிகிரி என்பது எல்லோரும் பேசுகிற விஷயம், ஆனால் ராத்திரி 26-க்குக் கீழே இறங்க அடம்பிடிப்பதுதான் செடிக்குப் பிரச்சினை. போதாக்குறைக்கு மாடித்தளம் வேறு. சிமென்ட் தரை பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி பத்து மணி வரை கக்கிக்கொண்டிருக்கும், வெறுங்காலில் நின்றால் தெரியும். தொட்டிகளைத் தரையிலிருந்து ஒரு ஸ்டாண்டிலோ, செங்கல் அடுக்கி அதன் மேல் ஒரு பலகையிலோ ஏற்றி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். காசு செலவில்லாத இந்த ஒரு வேலைதான் எங்கள் மாடியில் எந்த உரத்தைவிடவும் அதிகம் பலன் கொடுத்தது.

எங்கள் சித்தி வீடு ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போதும், சேலத்தின் 280 மீட்டர் சொச்ச உயரத்திலிருந்து 1500 மீட்டர் பக்கம் போய்விடுகிறோம். ஒரே செடியிலிருந்து பிரித்த குட்டிகள் அங்கே சில, இங்கே சில இருக்கின்றன, இரண்டும் ஒரே அம்மா பிள்ளைகள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அங்கே கோடையிலும் ராத்திரி குளிரும் என்பதால், மாமிலேரியா என்ற குட்டி உருண்டைக் கேக்டஸ் முள் அடர்ந்து, குள்ளமாக, கச்சிதமாக இருக்கிறது. ரெபூஷியா என்று ஒன்று உண்டு, அடியிலிருந்து ஆரஞ்சும் சிவப்புமாகப் பூ தள்ளும். அதன் சொந்த ஊர் பொலிவியா, அர்ஜென்டினா மலைகள், அதனால் குளிர்காலம் குளிர்காலமாக இருந்தால்தான் அதற்கு மொட்டு வைக்கத் தோன்றும். சித்தி வீட்டில் வருஷா வருஷம் பூக்கிறது. அதன் தங்கை என் மாடியில் உயிரோடு இருக்கிறது, அதற்கு மேல் அதனிடம் எதையும் நான் எதிர்பார்ப்பதில்லை.

அதற்காக ஏற்காடு சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே வேறு தலைவலி. மே மாத மழையில் தொடங்கி கார்த்திகை வரை ஈரம், மூடுபனி. மண் காயவே காயாது. வெளிச்சமும் குறைவு. சித்தி முதலில் செய்த காரியம், சமையலறைக்கு வெளியே தெற்குப் பார்த்த சுவரோரம் கண்ணாடி மாதிரித் தெரிகிற ஷீட் போட்டு ஒரு சாய்ப்பு இறக்கியது. "மழை மேல விழக் கூடாது, காத்து மட்டும் போகணும், வெளிச்சம் வரணும், இந்த மூணும் இல்லைன்னா இந்த மலையில வெக்காத கண்ணு" என்பார். நத்தை இன்னொரு தொல்லை. முள்ளைத் தாண்டி எப்படித்தான் ஏறுமோ, காலையில் போய்ப் பார்த்தால் பஞ்சு நுனியை வழித்துத் தின்றுவிட்டு வெள்ளிக்கோடு போட்டிருக்கும்.

பெயரில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு, அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். வேலியில் நிற்கிற சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் யூஃபோர்பியா குடும்பம், கிள்ளினால் பால் வரும், கண்ணில் பட்டால் ஆபத்து. கேக்டஸில் பால் இல்லை என்று பொதுவாகச் சொல்லலாம், ஆனால் சில மாமிலேரியாக்களில் வெள்ளைப் பால் வருவதால் அதை மட்டும் நம்பக் கூடாது. முள் கிளம்புகிற இடத்தைப் பாருங்கள். குட்டியாக ஒரு பஞ்சுப் பொட்டு இருந்து, அதிலிருந்து முள் கொத்தாக வந்தால் அது கேக்டஸ். கேக்டஸ் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்குச் சொந்தம், நம் பழைய பாடல்களில் வருகிற கள்ளிக்கும் இதற்கும் உறவில்லை.

வீட்டில் முள் செடி ஆகாது என்ற பேச்சு எங்கள் வீட்டிலும் உண்டு. "முள்ளுச் செடியெல்லாம் வாசல்ல வெச்சா வீட்ல சண்டை வரும்னு சொல்லுவாங்கம்மா" என்பார் அத்தை. அவரே பின்கட்டில் பிரம்மகமலம் வைத்துப் பொத்திப் பொத்தி வளர்க்கிறார். அது பூக்கிற ராத்திரி அக்கம்பக்கத்தில் எல்லோரையும் கூப்பிட்டு, குங்குமம் வைத்து, சூடம் காட்டி, ஆளுக்கொரு போட்டோ எடுத்து முடிக்கப் பன்னிரண்டு மணி ஆகும். அந்தச் செடி எபிஃபில்லம், மெக்சிகோப் பக்கத்துக் காட்டு மரங்களில் தொற்றி வளர்கிற அசல் கேக்டஸ். இமயமலையில் இருக்கிற நிஜ பிரம்மகமலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அது சூரியகாந்திக் குடும்பம். "அத்தை, அதுவும் கேக்டஸ்தாங்க அத்தை" என்று சொன்னேன். "அதுல முள்ளு இல்லையே" என்று முடித்துவிட்டார். நியாயம்தான். என் தொட்டிகள் மாடியோடு நின்றுகொண்டன, சண்டை வழக்கம் போல நடக்கிறது.

வாங்கும்போது இரண்டு விஷயத்தில் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தண்டின் மேல் சிவப்போ மஞ்சளோ ஆரஞ்சோ ஒரு பந்து ஒட்டியிருக்கும், மூன் கேக்டஸ் என்று எல்லா நர்சரியிலும் விற்பார்கள், குழந்தைகள் அதைத்தான் முதலில் கேட்கும். அந்தச் சிவப்பு பூ இல்லை. ஜிம்னோகலீசியம் என்ற உருண்டைக் கேக்டஸில் பச்சையமே இல்லாமல் பிறந்த பிள்ளை, தனியாக மண்ணில் வைத்தால் சமைத்துச் சாப்பிடத் தெரியாமல் செத்துப்போகும், அதனால் டிராகன் ஃபுரூட் இனத் தண்டில் ஒட்டுக்கட்டி வைத்திருக்கிறார்கள். அடியில் இருப்பது வேகமாக வளர்கிற கொடி, மேலே இருப்பது நிதானமான உருண்டை, இரண்டும் ஒத்துப்போவது சில வருஷம்தான். பிடித்திருந்தால் வாங்குங்கள், பூங்கொத்து வாங்குவதில்லையா? ஆனால் பரம்பரைச் சொத்தாக வைத்துக்கொள்கிற செடி அது இல்லை.

இரண்டாவது, ஒட்டுப்பூ. மாமிலேரியாவின் உச்சந்தலையில் பளிச்சென்று ரோஸ் நிறத்தில் காகிதம் போல மொடமொடவென்று ஒரு பூ இருக்கும், மாதக்கணக்கில் வாடாது. சூடான பசையால் ஒட்டிய, ஸ்ட்ராஃப்ளவர் என்ற வேறொரு செடியின் காய்ந்த பூ அது. இதில் கூத்து என்னவென்றால், அந்தக் காய்ந்த பூவின் இதழ்களும் ஈரம் பட்டால் மூடும், காய்ந்தால் விரியும். அதைப் பார்த்துவிட்டு, "உயிர்ப் பூதாங்க, ராத்திரி மூடிக்குது" என்று சத்தியம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடியில் லேசாக நெம்பிப் பாருங்கள், பசைத்துளி தெரியும். பிய்த்தால் செடியின் தோலும் சேர்ந்து வரும் என்பதால், தானாக விழும் வரை விட்டுவிடுவது நல்லது. வளர்கிற நுனியிலேயே பசை வைத்திருந்தால் அந்தச் செடியை வாங்க வேண்டாம்.

சரி, சேலம் மாதிரி ஊருக்கு எதை வாங்குவது? என்னைக் கேட்டால் ஜிம்னோகலீசியம்தான் முதல். தென் அமெரிக்கப் புல்வெளிகளில் புல் நிழலிலும் கல் நிழலிலும் வளர்கிற ஜாதி என்பதால் சுள்ளென்ற வெயில் கேட்காது, பாதி நிழலில் பூக்கும், கையளவு இருக்கும்போதே பூக்கும். அதன் மொட்டைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? மற்ற பல கேக்டஸ் மொட்டுகளில் முடியோ முள்ளோ இருக்கும், இதன் மொட்டு மொழுமொழுவென்று, மீன் செதில் அடுக்கிய மாதிரி, விளிம்பில் வெளிறிய கோடு ஓடியபடி இருக்கும். மாசியில் நுனிக்குப் பக்கத்துப் பஞ்சுப் பொட்டிலிருந்து மிளகு அளவில் கிளம்பும். கொஞ்ச நாள் அப்படியே நின்றுவிட்ட மாதிரித் தெரியும், அப்புறம் திடீரென்று காம்பு நீண்டு நிமிரும். பால்டியானம் என்ற வகையில் பூ கருஞ்சிவப்பு, ரோஜா நிறம், இரண்டுக்கும் நடுவில் என்று விதவிதமாக இருக்கும். உச்சி வெயிலில் விரியும், சாயங்காலம் மூடும், மறுநாள் மறுபடி விரியும், இப்படிப் பல நாள் தாங்கும். மொட்டு வந்த பிறகு தொட்டியைத் திருப்பித் திருப்பி வைக்காதீர்கள், போட்டோவுக்காகக் கீழே தூக்கி வந்து அறைக்குள் வைத்தால் விரியாமலே கருகும்.

அடுத்தது ஆஸ்ட்ரோஃபைட்டம், அதிலும் முள்ளே இல்லாத நட்சத்திர உருண்டை வகை. சேலத்துச் சூட்டுக்கு இது அசைந்துகொடுக்காது. மஞ்சள் பூ, பட்டுத் துணி மாதிரிப் பளபளக்கும், பங்குனியில் ஆரம்பித்தால் மழைக்காலம் வரை விட்டு விட்டு வைக்கும். தண்ணீரில் மட்டும் கருமியாக இருக்க வேண்டும்.

எக்கினாப்சிஸ் என்றால் எனக்குத் தனிப் பிரியம், எங்கும் கிடைக்கும், விலையும் அதிகமில்லை, ஏனோ யாரும் மதிப்பதில்லை. உருண்டையின் இடுப்புப் பக்கம் சாம்பல் நிறத்தில் எலிக்குஞ்சு மாதிரி மயிரடர்ந்த மொட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ரொம்ப நாள் அப்படியே. பிறகு ஓரிரு நாளில் விரல் நீளத்துக்குக் குழாயாக நீண்டு, செடியைவிடப் பெரிய வெள்ளைப் புனலாகச் சாயங்காலம் அவிழும், மெல்லிய வாசனையோடு. அந்திப்பூச்சிகளுக்காக வைத்திருக்கிற பூ அது. மறுநாள் மதியத்துக்குள் தொங்கிவிடும். மொட்டு முளைவிட்ட சமயத்தில் ஆசைப்பட்டுத் தண்ணீரை ஊற்றினால் மொட்டாக வர வேண்டியது குட்டியாக மாறிவிடும் என்பது இதை வளர்க்கிறவர்கள் நடுவில் ரொம்பப் பழைய பேச்சு. குட்டி நிறையப் போட்டுப் பூக்காமல் நிற்கிற செடிகளைப் பார்க்கும்போதெல்லாம் நிழலும் தண்ணீரும்தான் நினைவுக்கு வருகிறது. குட்டிகளில் பாதியை எடுத்துவிட்டால் தாய்ச்செடிக்குப் பூக்கத் தெம்பு வரும்.

மாமிலேரியாவில் நூற்றுக்கும் மேலே வகை. அதன் பூ வருகிற இடமே வேறு. முள் நுனியில் வராது, குமிழ்களுக்கு நடுவே இருக்கிற இடுக்கிலிருந்து வரும், அதுவும் போன வருஷம் வளர்ந்த குமிழ்களின் இடுக்கிலிருந்து. அதனால்தான் உச்சியைச் சுற்றிக் கிரீடம் வைத்த மாதிரி வட்டமாகப் பூக்கிறது. போன ஆடியில் செடி நன்றாக வளரவில்லை என்றால் இந்த மாசியில் நீங்கள் தலைகீழாக நின்றாலும் வட்டம் முழுசாக வராது. நர்சரிக்காரர்கள் விற்கிற பூ மருந்து எதுவும் இதை மாற்றாது. பூ உதிர்ந்து சில மாதம் கழித்து, மறந்தே போன நேரத்தில், அதே இடுக்கிலிருந்து குட்டி மிளகாய் மாதிரிச் சிவப்புக் காய் எட்டிப் பார்க்கும், அதற்கு முன்னால் அணில் பார்த்துவிடாமல் இருந்தால்.

மண்ணுக்கு வருகிறேன், இங்கேதான் பெரும்பாலான செடிகள் சாகின்றன. நர்சரியில் வருகிற கேக்டஸ் ஏறக்குறைய எல்லாமே சுத்தமான தேங்காய் நார்க்கழிவில்தான் இருக்கும். அனுப்புகிறவர்களுக்கு எடை குறைவு, வேர் வேகமாக ஓடும், அவர்கள் கணக்கில் சரி. நம் மாடியில் அது இரண்டு விதமாகவும் கெடுதல். ஈரமானால் நடுவில் நாள்கணக்கில் காயாது. சுத்தமாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளேயே விடாமல் ஓரமாக வழித்துவிடும். வாங்கி வந்ததும் ஒரு வாரம் விட்டு, தொட்டியிலிருந்து எடுத்து, வேரிலிருக்கும் நாரை எவ்வளவு உதிர்க்க முடியுமோ அவ்வளவு உதிர்த்துவிட வேண்டும். முள் குத்தாமல் பிடிக்கச் செய்தித்தாளைப் பட்டையாக மடித்து இடுப்பில் சுற்றிக்கொண்டால் போதும். முயல்காது ஒப்பன்ஷியா என்ற சப்பாத்திக்கள்ளி வகையின் கண்ணுக்குத் தெரியாத பொடிமுள் கையில் ஏறினால், ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவி, காய்ந்ததும் உரித்தெடுங்கள், பெரும்பாலும் வந்துவிடும்.

ஆற்று மணல் இப்போது கேட்டவுடன் கிடைக்கிற பொருளா? நான் எம் சாண்ட் தான் பயன்படுத்துகிறேன், ஆனால் அப்படியே போட்டால் அதிலுள்ள கல்மாவு தண்ணீரில் கரைந்து கீழே இறங்கிச் சிமென்ட் மாதிரி கட்டிக்கொள்ளும். சல்லடையில் சலித்து, மேலே நிற்கிற பருமணியை மட்டும் எடுத்து, கழுவுகிற தண்ணீர் தெளிகிற வரை கழுவ வேண்டும். அதோடு உடைத்த செங்கல் ஒரு பங்கு, பருமணி இரண்டு பங்கு, செம்மண்ணும் மக்கிய மண்புழு உரமும் சேர்ந்து ஒரு பங்கு, கொஞ்சம் கரித்துண்டு. ஏற்காட்டில் சித்தி செம்மண்ணை இன்னும் பாதியாகக் குறைத்துவிடுகிறார், ஈரம் அங்கே அப்படி. அளவு கொஞ்சம் முன்னே பின்னே போனால் ஒன்றும் கெட்டுவிடாது. ஊற்றிய தண்ணீர் மேலே தேங்கி நிற்காமல் உடனே அடி வழியாக ஓடினால் மண் சரி. தொட்டியின் மேலே வெள்ளைச் சலவைக்கல் தூவி அலங்காரம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை, மண் காய்ந்ததா என்று பார்க்க முடியாது.

தண்ணீரிலும் சேலத்துக்கென்று ஒரு விசேஷம். இந்த ஊர் வெள்ளைக்கல் ஊர், கருப்பூர்ப் பக்கத்து மேக்னசைட் குவாரிகளைப் பார்த்தால் தெரியும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. கேக்டஸின் அடியில் பழுப்பு வெள்ளையாக ஒரு படலம் ஏறி, தொட்டி விளிம்பில் சுண்ணாம்பு பூத்து நிற்கும். நாளாக ஆக மண் காரமாகி, வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் செடி மஞ்சளாகும். மேட்டூர்த் தண்ணீர் வருகிற அன்று ஒரு குடம் தனியாகப் பிடித்து வைத்துக்கொள்வேன், மழைத்தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது. அதுவும் இல்லையென்றால் ஒரு வாளிக்கு ஒரு மூடி வினிகர்.

எப்போது ஊற்றுவது? ராத்திரிதான் செடி விழித்திருக்கிறது என்று புரிந்தபின் நான் ஊற்றுவது எப்போதும் வெயில் தாழ்ந்த பிறகுதான். ஆனி, ஆடியில் காற்று மாறி ராத்திரி தணியும்போது நம் ஊரில் கேக்டஸுக்கு நிஜமான வளர்ச்சிக்காலம் தொடங்குகிறது, அப்போது மண் முழுக்கக் காய்ந்ததும் தாராளமாக ஊற்றலாம். புரட்டாசி, ஐப்பசியில் அடிக்கிற மழை சேலத்துக்குப் பெரிய மழை, அதில் நனைய விடாமல் மேலே ஷீட் வேண்டும். மார்கழி, தையில் கிட்டத்தட்டப் பட்டினி. மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு தடவை சும்மா விளிம்பில் கொஞ்சம். செடி லேசாகச் சுருங்கினால் பயப்படாதீர்கள், சுருங்கட்டும். பூவுக்கான ஏற்பாடு நடக்கிற மாதங்கள் அவை, அந்தப் பட்டினியும் அப்போதைய தெளிந்த வெயிலும் சேர்ந்துதான் மாசியில் மொட்டாக வருகிறது. இரக்கப்பட்டு மார்கழியில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் வீட்டுச் செடி பச்சைப்பசேலென்று குண்டாக இருக்கும், பூக்காது. சித்திரை, வைகாசியில் பச்சை ஷேடு நெட் கட்டி, தண்ணீரை மறுபடி குறைத்து, உரத்தை நிறுத்திவிட வேண்டும், செடி அப்போது தூங்குகிறது. உரம் என்று பார்த்தால் சொட்டுநீர் சாமான் விற்கிற கடைகளில் 0:52:34 என்ற, தழைச்சத்தே இல்லாத உரம் கிடைக்கும், லிட்டருக்கு அரை கிராம், அதுவும் மாசியிலிருந்து பங்குனிக்குள் இரண்டொரு தடவை, அப்புறம் ஆடியில். தழைச்சத்து அதிகமுள்ள எதுவும் வேண்டாம்.

பூச்சி என்றால் மாவுப்பூச்சிதான் முதல் எதிரி. முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே இருக்கிற பஞ்சோடு பஞ்சாக உட்கார்ந்துவிடுவதால் மாமிலேரியாவில் கண்டுபிடிப்பதே கஷ்டம். எறும்பு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள், அது காட்டிக்கொடுக்கும். மருந்துக்கடை ஸ்பிரிட்டைக் காது குடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தால் போதும், வெயில் இல்லாத நேரத்தில் செய்ய வேண்டும். செடி காரணமில்லாமல் வாடினால் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள், மண்ணுக்குள்ளேயும் ஒரு மாவுப்பூச்சி இருக்கிறது, வேரில் விபூதி பூசின மாதிரி இருக்கும். அப்படியானால் மண்ணை எல்லாம் கொட்டிவிட்டு, வேரைக் கழுவிக் காயவைத்து, புதுத் தொட்டி. நுனி துருப்பிடித்த நிறமாக மாறினால் அது செஞ்சிலந்தி, காற்றோட்டம் இல்லாத இடத்தில் வரும்.

இந்த மாவுப்பூச்சியின் ஒன்றுவிட்ட உறவு ஒன்றுக்கு நம் நாட்டு வரலாற்றில் இடம் உண்டு. சிவப்புச் சாயத்துக்காக 1795-ல் பிரேசிலிலிருந்து கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்தார்கள், நல்ல சாயம் தருகிற இனம் என்று நினைத்து வேறொன்றைக் கொண்டுவந்துவிட்டார்கள். சாயம் சரிப்படவில்லை, ஆனால் அந்தப் பூச்சி இங்கே பரவியிருந்த ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. களையைப் பூச்சி விட்டு அழிக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டிய ஆரம்பக் கதைகளில் இது ஒன்று. தெற்கே நிலத்தையெல்லாம் பிடித்திருந்த இன்னொரு சப்பாத்திக்கள்ளிக்கு 1926-ல் இலங்கையிலிருந்து அதன் தம்பிப் பூச்சியைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் சாலையோரச் சப்பாத்திக்கள்ளி மடலில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள், குங்குமக் குழம்பு மாதிரிச் சிவப்பு வரும். பார்த்துவிட்டு அதே கையோடு வீட்டுச் செடியைத் தொடாதீர்கள்.

அடுக்குமாடியில் வடக்கு ஜன்னல் மட்டும்தான் இருக்கிறது, அங்கே வைக்கலாமா என்று கேட்கிறவர்கள் நிறைய. உயிரோடு இருக்கும். உச்சி கூம்பி, வெளிறி, ஊசி மாதிரி நீண்டுகொண்டு போகும், பூ எதிர்பார்க்காதீர்கள். அந்த வெளிச்சத்துக்குத் தோதானது கிறிஸ்துமஸ் கேக்டஸ்தான். பிரேசில் மலைக்காட்டு மரக்கிளை நிழலில் வளர்கிறது, ராத்திரி நீண்டு குளிரும் கொஞ்சம் சேர்ந்தால் மொட்டு வைக்கும். ஏற்காட்டில் அது சுலபமாகப் பூக்கிறது. சேலத்தில் கார்த்திகையிலிருந்து சாயங்காலம் லைட் போடாத ஓர் அறையில் வைத்துப் பார்க்கலாம், டிவி ஓடுகிற ஹாலில் வைத்தால் அதற்கு ராத்திரியே கிடையாது.

மே மாதம் ஏற்காடு கோடை விழாவுக்கு வருகிறவர்கள் மலர்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, கையோடு ஒரு டப்பா கேக்டஸும் வாங்கிக்கொண்டுதான் மலை இறங்குகிறார்கள். வாங்குவதற்கு அது நல்ல மாதம் இல்லை, குளிர்ந்த ராத்திரியிலிருந்து எடுத்து வந்து நேராகக் கொதிக்கிற மாடியில் வைத்தால் ஒரே வாரத்தில் ஒரு பக்கம் வெந்துவிடும், அந்தத் தழும்பு அப்புறம் போகாது. ஆசைப்பட்டு வாங்கிவிட்டீர்களா, பரவாயில்லை. காலை வெயில் மட்டும் படுகிற கிழக்கு ஜன்னலோரம் வையுங்கள், தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சமாக, மண்ணை இப்போது மாற்ற வேண்டாம். ஆடி பிறந்து காற்று வீச ஆரம்பித்ததும் நாரை உதிர்த்து, நம் மண்ணில் வைத்து, நாலைந்து நாள் தண்ணீர் காட்டாமல் வேர்ப்புண் ஆறவிட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மாடி வெயிலுக்குப் பழக்குங்கள்.